ஒரு வார்த்தை கேட்கப் போனவர்

எங்கள் கணினி மையத்தில் இயக்குநரின் நாற்காலி மட்டும் புதுக்கருக்குக் குலையாமல் இருந்தது. உட்கார்ந்தால்தானே தேயும். மனுஷர் காலையில் வருவார், பையை மேஜையில் வைப்பார், ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பார், "ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன்" என்று கிளம்பிவிடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். சில நாள் அதற்கும் வரமாட்டார். ஏதாவது ஒரு துறையில் யாராவது தங்கள் டிபன் பாக்ஸிலிருந்து பாதியை அவருக்குக் கொடுத்திருப்பார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதம் பையிலேயே கிடந்து புளிக்கும்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா மேடம்?" என்பார். இப்போது கேட்க வழியில்லை.

எங்களுடையது ஒரு அறக்கட்டளை நடத்தும் பல்கலைக்கழகம். திருநெல்வேலியிலிருந்து கங்கைகொண்டான் போகும் சாலையில் இருக்கிறது. தாமிரபரணியை ஒட்டி மேற்கே போனால் எங்களுக்கு மூன்று கல்லூரிகள்: சேரன்மகாதேவியில் ஒன்று, அம்பாசமுத்திரத்தில் ஒன்று, மலையடிவாரத்தில் ஒன்று. அவர் இயக்குநர், நான் துணை இயக்குநர். வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவர் டவுன்காரர், வயலும் தோப்புமாக இருந்து, எல்லாம் கைவிட்டுப்போய், பிள்ளைகள் படித்து உத்தியோகத்துக்கு வந்த சைவக் குடும்பம். நான் பாளையங்கோட்டை. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அவரிடம் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் திருப்பிக் கத்தியதில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

பல்கலைக்கழகத்துக்கு அடுத்த ஐந்து வருஷத்துக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் எழுதித் தரும்படி ஆட்சிக்குழு கேட்டது. எந்தக் கட்டடத்துக்கு எந்த வருஷம் கேபிள் போகும், சர்வர் எங்கே இருக்கும், மாணவர் சேர்க்கை முதல் மதிப்பெண் பட்டியல் வரை எதெல்லாம் கணினிக்கு மாறும், போன் இணைப்புகளை என்ன செய்வது, இதற்கெல்லாம் எவ்வளவு ஆகும், அவ்வளவுதான். நான் இரண்டு வாரத்தில் எழுதி முடித்திருப்பேன். மற்ற பல்கலைக்கழகங்கள் எழுதிய திட்டங்கள் இணையத்தில் கிடக்கின்றன. எடுத்து, நம் பெயரைப் போட்டு, எண்களை மாற்றினால் போதும். ஊர் உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவரிடம் இதைச் சொன்னேன்.

"அது அவங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகைலா மேடம். மாப்பிள்ளை பேரை மட்டும் மாத்தி நாம அடிக்க முடியுமா?" என்றார்.

சொன்னது மட்டுமில்லை, கல்யாணப் பத்திரிகை வைப்பது போலவே கிளம்பினார். எங்கள் பக்கத்தில் அது ஒரு பெரிய சோலி. முதலில் யார் வீடு, பிறகு யார் வீடு என்று வரிசை உண்டு. வயதில் மூத்தவரை விட்டுவிட்டு இளையவரிடம் போகக்கூடாது. நேரில் போகவேண்டும், உட்காரவேண்டும், கொடுத்ததைக் குடிக்கவேண்டும். தபாலில் அனுப்பினால் அது அழைத்த கணக்கில் சேராது. அவர் அதே வரிசையில் துறை துறையாகப் போனார். உட்கார்ந்து காப்பி குடித்தார். "உங்களுக்கு என்ன வேணும்? எது வேண்டாம்? இப்ப எது பாடாப் படுத்துது?" என்று கேட்டார். கேட்கும்போது எதையும் எழுதிக்கொள்ள மாட்டார், எழுதினால் அவர்கள் பேச்சு மாறிவிடும் என்பார். திரும்பிவந்து என்னிடம் ஒப்பிப்பார். நான் வைதுகொண்டே தட்டச்சு செய்வேன்.

அலுவலகத்தில் பாதிப் பேர் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்குப் பிரிவு அதிகாரி அவரைக் கண்டதுமே ஆரம்பித்துவிடுவார்.

"வாங்க அண்ணாச்சி. பத்திரிகை வைக்க வந்தியளாக்கும்? பொண்ணு யாரு?"

"ஃபைபர் கேபிளு."

"மாப்பிள்ளை?"

"உங்க டிபார்ட்மெண்டுதான் வே. சம்மதமான்னு கேக்கத்தான் வந்தேன்."

மகளிர் விடுதி வார்டன் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். வைஃபை வந்தால் பிள்ளைகள் உறங்காது, உறங்காவிட்டால் காலையில் என் உயிரைத்தான் வாங்கும் என்றார். நானாக இருந்தால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, வைஃபை உண்டு என்று எழுதியிருப்பேன். இவர் விடுதிப் பிள்ளைகளிடம் தனியாகப் போய்க் கேட்டார். பிறகு வார்டனையும் பிள்ளைகளையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, தானும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். பேசிப் பேசி, படுக்கும் நேரத்துக்கு இணைப்பை நிறுத்திவிடுவது, பரீட்சை மாதத்தில் மட்டும் நிறுத்தாமல் விடுவது என்று முடிந்தது. இதற்கு ஒரு வாரம் ஓடிப்போனது.

தமிழ்த் துறையில் மூத்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். "எனக்கு அந்தச் சவம் வேண்டாம் வே. ரிட்டையர் ஆகுத மட்டும் நான் அதைத் தொடமாட்டேன்" என்றார். இவர் வந்து, அந்த அறைக்குக் கணினி வேண்டாம், பதிலாக ஒரு நல்ல மின்விசிறி என்று எழுதச் சொன்னார்.

"சார், இது தகவல் தொழில்நுட்பத் திட்டம். இதுல ஃபேன் எப்படி வரும்?"

"அவரு அதைத்தானே கேட்டாரு."

"அப்ப கேண்டீன்காரன் பெரிய சட்டி கேட்டா அதையும் எழுதணுமோ?"

"அவன்ட்ட இன்னும் கேக்கலையே" என்றார், நிஜமாகவே யோசித்துக்கொண்டு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்த மனுஷரோடு மாரடித்தால் ஐந்தாண்டுத் திட்டம் எழுதி முடிக்கவே ஐந்தாண்டு ஆகிவிடும் என்று நினைத்தேன். மின்விசிறியை நான் எழுதவில்லை. அவர் தானே போய்ப் பண்டகசாலையில் பேசி ஒன்றை வாங்கி மாட்டிக்கொடுத்தார்.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. சர்வர் அறையில் யுபிஎஸ் ரிப்பேர் செய்கிறவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். "எதுக்கு சார் இப்படி வீடு வீடா ஏறி இறங்குதிய? நாம படிச்சிருக்கோம், நமக்குத் தெரியாதா எது வேணும்னு?" என்று கேட்டேன். அப்போதுதான் அவர் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னார்.

தேர்வுக் கட்டணத்தை இணையத்தில் கட்டும் முறையை எங்கள் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகக் கொண்டுவந்தவர் அவர்தான். நான் வேலைக்குச் சேரும் முன்னால் நடந்தது. கடைசித் தேதியை அவரே வைத்தார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. மணி ஐந்தானால் கணினி தானாக மூடிக்கொள்ளும். மலையடிவாரக் கல்லூரியில் படித்த ஒரு பிள்ளை, எஸ்டேட் தொழிலாளி வீட்டுப் பெண், மலைமேல் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்தாள். மேலே சிக்னல் கிடையாது. கீழே இறங்கி, கடையில் காசு கொடுத்துத்தான் கட்டவேண்டும். அந்த வாரம் அடைமழை. பஸ் ஏறவில்லை. மழை விட்டதும் திங்கட்கிழமை கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரே இவரிடமே வந்து நின்றாள்.

"கம்ப்யூட்டர் மூடிட்டும்மா, என்னால தொறக்க முடியாதுன்னு சொன்னேன். அது பொய் மேடம். தொறந்திருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. எல்லாருக்கும் ஒரே விதின்னு பெரிய இவனாட்டம் நின்னேன். அந்தப் பிள்ளை அழக்கூட இல்லை, சரி சார்னு போயிட்டு. ஒரு வருஷம் போச்சு. பொறவு அது காலேஜுக்கே வரல. திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிட்டுன்னு தாக்கல் வந்துச்சு."

அவர் மலைமேல் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்தப் பிள்ளையின் அம்மா பால் இல்லாத தேயிலை போட்டுக் கொடுத்திருக்கிறாள். தேதி வைப்பதற்கு முன்னால் எங்களில் ஒருத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா ஐயா, மழைக்காலத்தில் பஸ் ஏறாது என்று சொல்லியிருப்போமே என்றாளாம். அவ்வளவுதான். அன்றிலிருந்து இவர் கேட்க ஆரம்பித்தவர், கடைசிவரை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டேன். கத்துவதை நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது.

திட்டத்தில் மேற்குக் கல்லூரிகள் என்று ஓர் அத்தியாயம் இருந்தது. அதை அவர் எத்தனை தடவை மாற்றி எழுதச் சொன்னார் என்று கணக்கில்லை. மூன்று கல்லூரிகளுக்கும் சொந்தமாக ஃபைபர் இணைப்பு. ஒவ்வொன்றிலும் ஓர் அறை, அதில் கணினிகள், கூட இருந்து உதவிசெய்ய ஒரு ஆள். விடுமுறையிலும் திறந்திருக்கவேண்டும். கட்டணமோ விண்ணப்பமோ எதற்குக் கடைசித் தேதி வைத்தாலும் அந்த மூன்று கல்லூரிகளையும் கேட்ட பிறகே வைக்கவேண்டும். எஸ்டேட்டிலிருந்தும் மலையடி ஊர்களிலிருந்தும் வருகிற ஒரு பிள்ளையும் இனிமேல் கணினி மூடிவிட்டது என்று திரும்பிப் போகக்கூடாது.

"மத்ததெல்லாம் வெட்டுனாலும் வெட்டட்டும் மேடம். இது ஒண்ணு மட்டும் நிக்கணும். நான் இருக்கும்போதே நிக்கணும்" என்பார். ஓய்வு பெறுவதற்கு முன்னால் என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

மூன்று ஊருக்கும் அவரே போனார். எந்த அறை தோதுப்படும், பிள்ளைகள் எத்தனை மணிக்கு வரும், எந்தப் பஸ்ஸில் போகும் என்று முதல்வர்களிடம் கேட்டார், பிள்ளைகளிடமும் கேட்டார். மலையடிவாரத்திலிருந்து திரும்பிய அன்று அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. சொந்த மகளுக்கு வரன் அமைந்தது போல இருந்தது.

கடைசியில் ஒரே ஒரு ஆள் பாக்கி. பொருளியல் துறைத் தலைவர். வயதில் மூத்தவர், ஆட்சிக்குழு உறுப்பினர், அவர் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. வரிசைப்படி அவரிடம்தான் முதலில் போயிருக்கவேண்டும். ஆனால் அவர் மகன் வீட்டுக்கு வெளிநாடு போயிருந்தார். ஆட்சிக்குழு கூடும் வாரத்தில்தான் ஊருக்குத் திரும்பினார். அந்த வாரம் பார்த்து இவர் விடுப்பு எடுத்துவிட்டார். குடும்ப விசேஷம் என்று ஒரு வரிதான் எனக்குச் சொன்னார். கூட்டத்துக்கு முந்தின நாள், பொருளியல் பேராசிரியருக்குத் திட்டத்தை மின்னஞ்சலில் அனுப்பிவைத்தார். நேரில் வரமுடியவில்லை, மன்னிக்கவேண்டும், படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

கூட்டத்தன்று வந்து திட்டத்தை எங்கள் இயக்குநரேதான் விளக்கினார். முகம் வாடியிருந்தது, குரல் உள்ளே போயிருந்தது. விடிய விடிய உட்கார்ந்து தயார் செய்திருப்பார் என்று நினைத்தேன். பேசி முடித்ததும் கணக்குப் பிரிவு அதிகாரி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். வார்டன் வைஃபைக்கே ஆதரவாகப் பேசினார். காரியம் முடிந்தது என்றுதான் இருந்தேன். பொருளியல் பேராசிரியர் எழுந்தார்.

"நானும் இந்தப் பல்கலைக்கழகத்துலதான் இருக்கேன்னு நெனைக்கேன்" என்று ஆரம்பித்தார். "எல்லா டிபார்ட்மெண்டுக்கும் போயிருக்கிய. வாட்ச்மேனைக் கேட்டிருக்கிய, கேண்டீன்ல கேட்டிருக்கிய. சந்தோசம். எனக்கு மட்டும் மெயிலா? ரெண்டு நாளா சாயங்காலம் ரூமிலேயே இருந்தேன், நீங்க வருவியன்னு."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. மற்ற துறைகளில் நடந்ததையெல்லாம் வந்தவுடனே கேள்விப்பட்டிருக்கிறார். தன்னிடமும் வருவார் என்று, என்னென்ன சொல்லவேண்டும் என யோசித்து, முறுக்கும் காப்பியும் சொல்லிவைத்து, இரண்டு சாயங்காலம் காத்திருந்திருக்கிறார். ஒருத்தரையும் கேட்காமல் எழுதியிருந்தால் அவர் கையைத் தூக்கிவிட்டுப் போயிருப்பார். எல்லாரையும் கேட்டுவிட்டு அவரை விட்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் இயக்குநர் எழுந்து கும்பிட்டார். "தப்புதான் சார். நேர்ல வந்திருக்கணும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் மனசு கோணும்போது எதற்கு அவசரம், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று துணைவேந்தர் ஒத்திவைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு வந்ததே கோபம். "ஒரு அரை மணி நேரம் போயிட்டு வந்திருந்தா என்ன சார்? அப்படி என்ன குடும்ப விசேஷம்?" என்று வாகனம் நிறுத்துமிடத்தில் நாலு பேர் பார்க்கக் கத்தினேன். அவர் பைய நடந்து காரில் ஏறிக்கொண்டார்.

விஷயம் அவருடைய வீட்டம்மா மூலமாகத்தான் தெரிந்தது. ஏதோ சாவி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அவிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காவம்மா. லீவு போட்ட அந்த வாரம் முழுக்க டெஸ்ட் எடுத்தாவள்லா, அதுக்கு ரிசல்ட் வாங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலையோ? சொல்லியிருப்பாவன்னுல்லா நெனைச்சேன்" என்று அழ ஆரம்பித்தார்.

வயிற்றில் கட்டி. அந்த மின்னஞ்சலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டுதான் அனுப்பியிருக்கிறார். கூட்டத்தன்று, தன் பொறுப்பில் போவதாக ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கையில் ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்திரியை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மறுநாள் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அங்கனயே எந்திரிச்சுச் சொல்லியிருப்பேன்லா. அவரு வாய் மூடியிருப்பாரு. திட்டம் பாஸ் ஆயிருக்கும்."

"அதனாலதான் சொல்லல. நோயைக் காட்டிக் கையெழுத்து வாங்குனா அது அவர்ட்ட கேட்டதா ஆகுமா? நான் போகல. போகாதது போகாததுதான்" என்றார்.

அந்த வாரமே பேராசிரியர் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். பேராசிரியருக்கு அதற்குள் யார் மூலமோ விஷயம் தெரிந்திருந்தது. வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பிறகு இருவரும் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். மேற்குக் கல்லூரி அத்தியாயத்தைப் பேராசிரியர் வரி வரியாகப் படித்து, இரண்டு இடத்தில் நல்ல திருத்தமும் சொன்னார். "அடுத்த கூட்டத்துல நானே இதை முன்மொழிவேன். உங்களுக்கு நான் செய்யவேண்டியது அது" என்றார்.

அடுத்த கூட்டத்துக்குள் துணைவேந்தர் மாறிவிட்டார். வந்தவருக்கு எல்லாம் மளமளவென்று நடக்கவேண்டும். திட்டம் எழுதும் வேலையைச் சென்னையில் ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் கொடுத்தார். அவர்கள் ஒரு தடவைகூட திருநெல்வேலிக்கு வரவில்லை. கணினித் திரையிலேயே எங்களோடு பேசினார்கள், அதிலும் அவர்கள்தான் பேசினார்கள். கலர் கலராகப் படம் போட்டு அனுப்பினார்கள். எங்கள் இயக்குநர் அப்போது மருத்துவ விடுப்பில் இருந்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டு, முடியெல்லாம் கொட்டி, பாதி ஆளாகிவிட்டிருந்தார்.

கூட்டத்தில் அந்தத் திட்டம், கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் நிறைவேறிவிட்டது. யாரையும் எதுவும் கேட்டிருக்கவில்லை, அதனால் யாருக்கும் வருத்தமும் இல்லை. மேற்குக் கல்லூரிகள் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. பொருளியல் பேராசிரியர் மட்டும் எழுந்து கேட்டார். அங்கே பயன்படுத்துவோர் குறைவு, செலவு கட்டுபடியாகாது, அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அவர் விடாமல் பேசினார். பாவம், தனி ஆளாக என்ன செய்வார்.

நான் இயக்குநர் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பாஸ் ஆயிட்டாம்மா?" என்றார். அலுவலகத்தில் மேடம். வீட்டில் வைத்துத்தான் அம்மா என்பார்.

"ஆயிட்டு சார்."

"மேக்க உள்ள காலேஜு?"

"இல்ல சார்."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. "அவங்கள்ட்ட யாரு சொல்லுதது?" என்றார்.

"சர்க்குலர் போகும் சார்."

"சர்க்குலரா? எந்த ரூம் தருவியன்னு நான் நேர்ல போயிக் கேட்டேன்மா. பிள்ளையள உக்கார வச்சுக் கேட்டேன். இல்லைன்னு சொல்லுதப்ப மட்டும் கடுதாசியா?"

வீட்டம்மா வேண்டாம் என்று கெஞ்சினார். டாக்டர் சத்தம் போட்டார். நானும் என் பங்குக்குக் கத்திப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. மருந்து ஏற்றாத ஒரு வாரமாகப் பார்த்து ஒரு கார் ஏற்பாடு செய்து, பின் இருக்கையில் தலையணை வைத்து அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்தமடை வருவதற்கு முன்னாலேயே தூங்கிவிட்டார். சேரன்மகாதேவியில் எழுப்பினேன்.

அங்கே முதல்வரிடம் நின்றுகொண்டே சொன்னார். "உங்கள்ட்ட கேட்டேன், எழுதுனேன், நடக்கல. மன்னிச்சுக்கிடணும்." முதல்வருக்கு இவரைப் பார்த்த அதிர்ச்சியில் எந்த விஷயமும் காதில் ஏறவில்லை, முதல்ல உட்காருங்க சார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்பாசமுத்திரத்திலும் அப்படியே. இரண்டு இடத்திலும் அவர் குரல் உடையவில்லை.

மலையடிவாரக் கல்லூரியின் முதல்வர் ஒரு பெண். கார் சத்தம் கேட்டதுமே வெளியே வந்துவிட்டார். "வாங்க அண்ணாச்சி, என்ன இப்படி மெலிஞ்சுபோனிய? வாங்க, முதல்ல ரூமைப் பாத்துருங்க" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையாம் அது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சுத்தம் செய்து, வெள்ளையடித்திருந்தார்கள். ஒரு பிள்ளையின் அப்பா எலெக்ட்ரீஷியன், அவர் காசு வாங்காமல் சுவர் முழுக்க பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுத்திருந்தார். மேஜைகள் வரிசையாக இருந்தன. ஜன்னலுக்குப் பழைய சேலையில் திரை தைத்துப் போட்டிருந்தார்கள். இவர் உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், ஞாயித்துக்கிழமையும் தொறந்திருக்கும்னு மேடம் சொன்னாவ. நெசமா சார்?"

"எஸ்டேட் பஸ்ஸு வார மட்டும் நாங்க இங்கனயே இருக்கலாமா?"

"ஸ்காலர்ஷிப் ஃபாரம் இதுலயே போடலாமா சார்? கடைக்குப் போகவேண்டாமா?"

அவர் ஒவ்வொன்றையும் கேட்டார். கடைசிப் பிள்ளை பேசி முடிக்கும் வரை குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"வராது தாயி. உங்கள்ட்டயெல்லாம் கேட்டுத்தான் எழுதுனேன். எடுத்துட்டாங்க. என்னால முடியல."

முன்னால் நின்ற பிள்ளை உடனே, "பரவால்ல சார்" என்றாள். பக்கத்தில் இருந்தவளும், "பரவால்ல சார், நாங்க கடையிலேயே போட்டுக்கிடுவோம்" என்றாள். மற்றவர்களும் ஆமாம் சார், பரவால்ல சார் என்றார்கள். ஒருத்தி ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

திரும்பும்போது கல்லிடைக்குறிச்சி வரை அவர் கண்ணை மூடியிருந்தார். உறங்குகிறார் என்று நினைத்தேன்.

"ஏன் இல்லைன்னு ஒரு பிள்ளைகூட கேக்கலையேம்மா" என்றார். "ஒரு சண்டை இல்ல, ஒரு ஏச்சு இல்ல. சொன்ன உடனே பரவால்லன்னு வருதே. எத்தனை தடவை எத்தனை பேரு அதுக மொகத்தைப் பாத்து இல்லைன்னு சொல்லியிருந்தா இவ்வளவு சீக்கிரம் அந்த வார்த்தை வரும்?"

அதற்குமேல் அவரால் முடியவில்லை. தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். அத்தனை வருஷத்தில் அவர் சத்தம் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். டிரைவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். நானும் அழுதேன்.

வீட்டில் கொண்டு விட்டபோது அவர் சாப்பிடமாட்டேன் என்றார். மறுநாளும் சாப்பிடவில்லை. அடுத்த மருந்து ஏற்றுவதற்குப் போகமாட்டேன் என்றார். மனைவி அழுது பார்த்தார், பொருளியல் பேராசிரியர் வந்து கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிப் பார்த்தார். எல்லாருக்கும் சரி சரி என்று தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அந்த மாதம் முடியும் முன்னால் போய்விட்டார்.

கட்டி என்றுதான் டாக்டர் எழுதிக் கொடுத்தார். எழுதிவிட்டுப் போகட்டும். நான் அன்று காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவரைக் கொன்றது எது என்று எனக்குத் தெரியும்.